மின்சாரம் நின்ற நொடியில் எந்த ரெயிட் தாங்கும்? வன்னிக்கான ஓர் ஒப்பீடு

2009க்கு முன்னர் எடுத்த குடும்பப் படம் ஒன்றுகூட மிஞ்சாத வீடுகள் வன்னியில் ஏராளம். திருமண ஆல்பமும் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இடப்பெயர்வில் போயின. அதன் பின்னர் எடுத்த படங்களும் ஸ்கேன் செய்த உறுதிகளும் இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் கடைகளிலும் சங்க அலுவலகங்களிலும் வன்தட்டுகளில் கிடக்கின்றன. ஒரு வன்தட்டு செத்தாலும் கோப்புகள் மிஞ்சும்படி பல தட்டுகளை ஒரே தொகுதியாகச் சேர்த்து இயக்கும் முறைதான் ரெயிட். அந்த வன்தட்டுகளை எப்படிச் சோடி சேர்ப்பது என்பதைச் சில்லறைத் தொழில்நுட்ப விவகாரமாக நான் நினைக்கவில்லை.

தனியான ரெயிட் அட்டை வாங்க எல்லோருக்கும் வசதி இல்லை. எனவே அட்டை இன்றிக் கணினியே அந்த வேலையைச் செய்யும் மென்பொருள் ரெயிட்தான் நடைமுறை. இணையத்தில் காணும் ஒப்பீடுகள் பெரும்பாலும் வேகத்தை அளக்கின்றன. எனக்கு முக்கியமானவை இரண்டு கேள்விகள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? கணினி பழுதானால் இந்த வன்தட்டுகளை வேறொரு கணினியில் திறக்க முடியுமா?

இரண்டாவது கேள்வியிலேயே தோற்றுவிடுவது தாய்ப்பலகையின் பயாஸில், அதாவது கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளில், கிடைக்கும் ரெயிட். வன்பொருள் ரெயிட் போலத் தோன்றினாலும் வேலையைச் செய்வது கணினியின் செயலியும் ட்ரைவரும்தான். பலகை எரிந்துபோனால் அதே குடும்பச் சிப்செட் கொண்ட இன்னொன்றைத் தேட வேண்டும். பழைய பலகை எங்கே கிடைக்கும்? பயாஸ் மின்கலம் தீர்ந்து அமைப்புகள் அழிந்தாலே வன்தட்டு இணைப்பின் (சாட்டா) நிலை ரெயிட்டிலிருந்து சாதாரண ஏஎச்சிஐக்கு மாறி, தொகுதி உடைந்ததுபோல் தெரியலாம். அப்போது பதறிப்போய்ப் புதிதாக ஃபார்மட் செய்துவிடுவதுதான் உண்மையான இழப்பு. இன்டெல் வடிவத் தொகுதிகளை லினக்ஸின் சொந்த மென்பொருள் ரெயிட் இயக்கியான எம்டி படிக்கும் என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் புதிதாக அமைப்பவர்கள் இந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஸ்டூடியோக்களில் விண்டோஸ்தான் அதிகம். அதிலுள்ள மென்பொருள் ரெயிட் வசதியான ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் விண்டோஸ் 8 காலத்திலிருந்து வருகிறது. ஒரே தரவை இரு தட்டுகளில் பிரதியாக வைக்கும் அதன் மிரர் வகை போதுமானது. செத்த தட்டின் தரவைக் கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் தகவலை (பாரிட்டி) வைக்கும் பாரிட்டி வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுதும் வேகம் மிகக் குறைவு என்பது ஒரு காரணம். விண்டோஸ் 10இன் 2004 பதிப்புக்கு மாறிய கணினிகளில் பாரிட்டி தொகுதிகளின் கோப்புகள் பழுதானது இன்னொரு காரணம். 2020 ஜூனில் மைக்ரோசாஃப்ட்டே அந்தத் தொகுதிகளைப் படிக்க மட்டும் திறக்கும்படி அறிவுறுத்தியது. திருத்தம் பின்னர்தான் வந்தது. மிரரிலும் ஒரு குறை உண்டு. விண்டோஸின் வழக்கமான கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ், தரவு மாறியதா என்று சரிபார்க்க உதவும் செக்சம் என்ற எண்ணைக் கோப்புத் தரவுக்கு வைப்பதில்லை. ஒரு பிரதி ஓசையின்றிக் கெட்டால் எது நல்லது என்று அதற்குத் தெரியாது.

இனி லினக்ஸ். இங்கே எம்டி, பட்டர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என மூன்று வழிகள் இருக்கின்றன. பின்னிரண்டும் ரெயிட்டைத் தம்முள்ளேயே கொண்ட கோப்பு முறைமைகள். அவற்றை ஒப்பிடுமுன் ரெயிட் 5 பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று வன்தட்டு வாங்கி இரண்டின் கொள்ளளவைப் பெறலாம் என்ற ஆசையில் பலரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

ரெயிட் 5இல் ஒரு சிறு மாற்றத்தை எழுதினாலும் தரவு ஒரு வன்தட்டிலும் பாரிட்டி இன்னொன்றிலும் மாற வேண்டும். இடையில் மின்சாரம் போனால் ஒன்று புதியதாகவும் மற்றது பழையதாகவும் நின்றுவிடும். அன்று யாருக்கும் எதுவும் தெரியாது. ஒருநாள் ஒரு வன்தட்டு செத்து, அந்தத் தவறான பாரிட்டியைக் கொண்டு மீட்கும்போது, மின்வெட்டு நேரத்தில் எவரும் தொடாத பழைய கோப்புகூடக் குப்பையாக வெளிவரும். இதைத்தான் ரைட் ஹோல் என்கிறார்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. இன்றும் மழைக்கும் காற்றுக்கும் மின்சாரம் போய் வருகிறது.

எம்டி இயக்கியில் இதற்கு இரண்டு திருத்தங்கள் வந்தன. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 4.4 பதிப்பில், எழுதுவதை முதலில் தனியான எஸ்எஸ்டி ஒன்றில் பதிந்துகொள்ளும் ஜர்னல். 2017இல் கர்னல் 4.12இல் பிபிஎல் என்ற பகுதிப் பாரிட்டிப் பதிவு. பிபிஎல்லுக்குத் தனி வன்தட்டு தேவையில்லை, ஆனால் அதற்கு எல்லைகள் உண்டு. ரெயிட் 5க்கு மட்டுமே பொருந்தும், இரண்டு தட்டுகள் செத்தாலும் தாங்கும் ரெயிட் 6க்கு இல்லை. எழுதும் வேகம் 30 முதல் 40 விழுக்காடு வரை குறையலாம் என்று கர்னல் ஆவணமே சொல்கிறது. மின்சாரம் போன நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த தரவை அது காப்பதில்லை, அருகிலிருக்கும் பழைய தரவைத்தான் காக்கிறது. இவையெல்லாம் தாமாகவே இயங்குவதும் இல்லை, அமைப்பவர் கேட்டுச் சேர்க்க வேண்டும். பட்டர்எஃப்எஸ்ஸின் ரெயிட் 5, 6 இன்னும் பின்தங்கியவை. கர்னல் 6.2இல் நல்ல திருத்தங்கள் வந்தபோதும், முக்கியமான தரவுக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அதை உருவாக்குபவர்களின் நிலைப்பாடு. இசட்எஃப்எஸ்ஸின் ரெயிட்-இசட்டில் மட்டும் இந்த ஓட்டை வடிவமைப்பிலேயே இல்லை. அது பழைய இடத்தின் மேல் எழுதுவதில்லை, புதிய இடத்தில் எழுதி முடித்த பின்னரே சுட்டியை மாற்றுகிறது.

ஆகவே என் தெரிவு மிரர், அதாவது ரெயிட் 1. கொள்ளளவில் பாதி போகும். போகட்டும்.

எம்டி மிரரின் பலம் அதன் எளிமை. இரண்டில் ஒரு வன்தட்டைக் கழற்றி எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் திறக்கும். வவுனியாவில் லினக்ஸ் தெரிந்த எந்த இளைஞரும் அதைக் கையாளுவார். எந்தப் பகுதிகளில் எழுதப்பட்டது என்று குறித்துவைக்கும் பிட்மேப் வசதி இருந்தால் மின்வெட்டுக்குப் பின் மாறிய பகுதிகளை மட்டும் சரிபார்க்கும். இல்லையேல் முழுத் தட்டையும் ஒத்திசைக்கும். 4 டெராபைட் தட்டை விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் ஒத்திசைக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த மின்வெட்டு வந்துவிடும். எனவே பழைய தொகுதிகளில் பிட்மேப் உண்டா என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்டியின் பெருங்குறை செக்சம் இல்லாமை. இரு பிரதிகளும் முரண்பட்டால் எண்ணிக்கையைக் காட்டும். பழுதுபார்க்கச் சொன்னால் ஒன்றை மற்றதன் மேல் எழுதும். சரியானதைத்தான் எழுதியது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அந்தக் குறை பட்டர்எஃப்எஸ் மிரரில் இல்லை. கெட்ட பிரதியைச் செக்சத்தால் கண்டுபிடித்து நல்லதிலிருந்து திருத்திக்கொள்ளும். வன்னிக்கு இன்னொரு வசதியும் அதில் உண்டு. 2, 2, 4 டெராபைட் எனக் கைக்குக் கிடைத்த மூன்று தட்டுகளைச் சேர்த்தாலும் 4 டெராபைட்டை மிரராகத் தரும். ஒரே அளவுத் தட்டுக்காகக் கொழும்பிலிருந்து பார்சல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு தட்டு செத்துவிட்டால் தானாக மவுண்ட் ஆகாது. குறையுள்ள நிலையில் திற என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இயங்குதளமே அந்தத் தொகுதியில் இருந்தால் கணினி பூட் ஆகாமல் நின்றுவிடும். கடையில் அதைத் தெரிந்தவர் இல்லையென்றால் இது பெரிய தொல்லை.

இசட்எஃப்எஸ் மிரர் தரவைக் காப்பதில் முதலிடம். செக்சம், முழுத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப், ஒரு கணத்தின் நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எல்லாம் முதிர்ந்தவை. உரிமப் பொருத்தமின்மையால் அது லினக்ஸ் கர்னலுக்குள் இல்லை. லினக்ஸின் சில வெளியீடுகளில் கர்னலைப் புதுப்பித்தவுடன் இசட்எஃப்எஸ் மாட்யூல் பின்தங்கித் தொகுதி திறக்காமல் போகலாம். உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டில் மாட்யூலும் சேர்ந்தே வருவதால் அந்தச் சிக்கல் குறைவு. இசட்எஃப்எஸ்ஸின் 2.3க்கு முந்திய பதிப்புகள் நினைவகத்தில் பாதிவரை இடைச்சேமிப்புக்கு எடுக்கும். 4 ஜிபி கணினியில் அதைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். குற்றமற்றது என்றும் எண்ண வேண்டாம். 2023 நவம்பரில், பிரதியெடுக்கும்போது கோப்பின் சில பகுதிகள் பூச்சியங்களாக மாறும் வழு வெளிப்பட்டது. ஸ்கிரப்பால் அதைக் காண முடியவில்லை. 2.2.2, 2.1.14 பதிப்புகள் அதைத் திருத்தின. பழைய பதிப்பில் இருப்பவர்கள் இன்றே மாறுங்கள்.

8 ஜிபி நினைவகமும் உபுண்டுவும் இருந்தால் இசட்எஃப்எஸ் மிரர். பழைய, மெலிந்த கணினி என்றால் எம்டி மிரர். அளவு ஒவ்வாத தட்டுகள்தான் கையில் என்றால் பட்டர்எஃப்எஸ், அதுவும் இயங்குதளத்தைத் தனி எஸ்எஸ்டியில் வைத்து.

எம்டி தொகுதிகள் உடைவதற்கு நான் மிக அதிகம் காணும் காரணம் வேறு. மேசைக் கணினிக்கான மலிவான வன்தட்டு ஒரு பழுதான பகுதியைப் படிக்க நிமிடக்கணக்கில் முயலும். லினக்ஸ் 30 விநாடியே காத்திருக்கும். பிறகு தட்டை மீளத் தொடக்கும், அதற்கும் பதில் வராவிட்டால் நன்றாக இருக்கும் தட்டைக்கூடத் தொகுதியிலிருந்து வெளியேற்றிவிடும். எஸ்சிடி ஈஆர்சி வசதியுள்ள தட்டில் முயற்சியை 7 விநாடிக்கு மட்டுப்படுத்துங்கள். வசதி இல்லாத தட்டுக்கு லினக்ஸின் காத்திருப்பை 180 விநாடியாக்குங்கள். தட்டை மறுபடி இயக்கும்போது பெரும்பாலும் இந்த அமைப்பு அழிந்துவிடும். ஆகவே கணினி தொடங்கும்போதெல்லாம் தானே ஓடும்படி எழுதி வையுங்கள். தரவுத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று பகுதி மேவ எழுதும் எஸ்எம்ஆர் வகைத் தட்டுகளையும் தவிர்க்க வேண்டும். வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகளுக்கென (நாஸ்) விற்ற சில தட்டுகளே அந்த வகை என்பது 2020இல் தெரியவந்தது. மீள்கட்டலின்போது அவை நாட்கணக்கில் இழுக்கும்.

யூபிஎஸ் வாங்குகிறார்கள், அதன் யூஎஸ்பி வடத்தைப் பொருத்துவதில்லை. பொருத்திக் கண்காணிப்பு மென்பொருளை நிறுவினால்தான் மின்கலம் தீருமுன் கணினி முறையாக அணையும். 2018 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்தால் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு தட்டுகளும் ஒன்றாகவே நனையும். மூன்றாவது பிரதி ஒன்று வேறு ஊரில், உறவினர் வீட்டிலாவது, இருக்கட்டும்.

எதை அமைத்தாலும் உண்மையான கோப்புகளை ஏற்றுமுன் கணினியை அணைத்து ஒரு தட்டின் வடத்தைக் கழற்றி மறுபடி இயக்கிப் பாருங்கள். பூட் ஆகிறதா, கோப்புகள் திறக்கின்றனவா, ஒரு தட்டு இல்லை என்ற அறிவிப்பு உங்கள் கண்ணில் படுகிறதா என்று கவனியுங்கள். பின்னர் வடத்தை மாட்டி, ஒத்திசைவு முடியும்வரை இருந்து, செய்த படிகளை ஒரு தாளில் எழுதிக் கணினிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.