பினாங்கு, புக்கெட் உல்லாசக் கப்பல் பயணம்: யாருக்கு ஏற்றது, எவ்வளவு செலவாகும்

மரீனா பே உல்லாசக் கப்பல் நிலையத்திலிருந்து புறப்பட்டு, பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுவிட்டுச் சில இரவுகளில் திரும்பும் குறும்பயணங்களுக்குச் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களிடையே இப்போது நல்ல வரவேற்பு இருக்கிறது. வயதான என் தாயாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஜூன் பள்ளி விடுமுறையில் அப்படியொரு பயணம் சென்று வந்தேன். மூத்தோரை உடன் அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு இதைவிட வசதியான விடுமுறை இந்த வட்டாரத்தில் கிடைப்பது அரிது என்பதே என் முடிவு. ஆனால் ஊர் பார்க்க விரும்புகிறவர்கள் அதே பணத்துக்கு விமானத்தில் செல்வது நல்லது. விளம்பரத்தில் காணும் கட்டணத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் பயணத்தின் கடைசி நாளில் கட்டாயம் வருந்துவார்கள்.

வசதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது விளம்பரப் பேச்சு அன்று, உண்மையிலேயே இருக்கிறது. என் தாயாருக்கு மூட்டுவலி; நீண்ட வரிசையில் நிற்க முடியாது, படிக்கட்டு ஏற முடியாது, சரியான வேளையில் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும். விமானப் பயணம் என்றால் வீட்டிலிருந்து புறப்பட்ட நேரம் முதல் விடுதி அறையைத் திறக்கும் வரை அவருக்குச் சோதனைதான். கப்பலிலோ பெட்டியை ஒருமுறை திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டால், திரும்பி வரும்வரை அதைத் தொட வேண்டியதில்லை. நாம் தூங்கும்போது கப்பல் நம்மை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுகிறது. சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லியிருந்ததால், நிலையத்தின் வாசலிலிருந்து அறைவரை ஒருவர் கூடவே வந்தார். மின்தூக்கிகள் நிறைய, உணவுக்கூடத்துக்கும் அரங்குக்கும் தாயார் தம் விருப்பப்படி போய்வந்தார். பேரப்பிள்ளைகள் நீச்சல் குளத்தில் இருக்க, அவர் நிழலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் மூன்று தலைமுறையாகப் பயணம் செய்யும் குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி.

இதற்கு என் தாயாரிடம் ஓர் ஒப்பீடும் இருந்தது. அவர் சிறுமியாக நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறிச் சிங்கப்பூருக்கு வந்தவர். 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை ஓடிய அந்தக் கப்பலில், தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. பால்கனியில் அமர்ந்தபடி மலாக்கா நீரிணையில் போகும் எண்ணெய்க் கப்பல்களை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த பால்கனிக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் ஒரு வெள்ளிகூட வீணில்லை என்று எனக்குத் தோன்றியது.

இளையோர் மட்டும் செல்வதானால் சன்னல் இல்லாத உள்ளறையே போதும். விலையும் குறைவு, தூங்குவதற்கு மட்டும்தான் அறைக்கு வருவார்கள். ஆனால் பகலில் அறையில் ஓய்வெடுக்க வேண்டிய மூத்தோருக்கு உள்ளறை வேண்டாம். விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவும் ஒன்றாகிவிடும், மாத்திரை வேளை குழம்பும். அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் இருந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். மேலே நடன அரங்கோ உடற்பயிற்சிக் கூடமோ இல்லாத தளமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். தள வரைபடம் எல்லா நிறுவனங்களின் இணையத்தளத்திலும் உண்டு. நாங்கள் சென்ற கப்பலின் குளியலறை மிகச் சிறியது. கழிவறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது. நம்மவர்களுக்கு இது சிறிய குறையன்று. ஒரு குவளையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவது நல்லது.

உணவைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் மிகுதி என்பதால் சைவ உணவுக்குக் குறைவில்லை. ஹலால் உணவும் ஜைன உணவும் தனியாகக் கிடைக்கும் கப்பல்களும் உண்டு. ஆனால் இந்திய உணவு என்று வைப்பதில் பெரும்பகுதி வட இந்தியச் சமையல். பருப்பு, பனீர், சப்பாத்தி, சீரகச் சோறு ஆகியவை நாள்தோறும் இருந்தன. இட்லியும் சாம்பாரும் ஒருநாள் காலையில் மட்டும் வந்தன, சாம்பார் இனித்தது. இரண்டாம் நாள் இரவு என் தாயார் ஒன்றும் சாப்பிடாமல் இருந்ததைக் கண்ட பரிமாறுபவர், தாம் திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லி, உள்ளே போய் வெறும் சோறும் தயிரும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தார். அதன்பின் எல்லா இரவும் கேட்காமலே அது வந்தது. தலைமைப் பரிமாறுபவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் இத்தகைய எளிய உணவைச் செய்து தருகிறார்கள். ஆகவே கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

அந்தப் பணியாளர்களைப் பற்றி ஒரு சொல். மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள் அவர்கள். 2006ஆம் ஆண்டின் கடல்துறைத் தொழிலாளர் உடன்படிக்கை, ஒருநாளில் குறைந்தது 10 மணி நேரமும் வாரத்தில் 77 மணி நேரமும் ஓய்வு தரவேண்டும் என்கிறது. அதாவது, மீதி நேரமெல்லாம் வேலை வாங்க அது இடங்கொடுக்கிறது. காலையில் முட்டை பொரித்துக் கொடுத்தவரை இரவு பத்து மணிக்கு மேசை துடைத்துக்கொண்டிருக்கக் கண்டபோது, பயணிகளின் கணக்கில் தானாகவே சேர்க்கப்படும் டிப்ஸ் தொகையை நீக்கச் சொல்லி வரவேற்பு முகப்பில் வாதிட்டுக்கொண்டிருந்த சில பயணிகள்மீது எனக்குக் கோபமே வந்தது.

அந்த டிப்ஸ்தான் விளம்பரக் கட்டணத்தில் சேராத முதல் செலவு. ராயல் கரீபியன் நிறுவனம் அண்மை ஆண்டுகளில் சாதாரண அறைகளுக்கு ஆளுக்கு ஒருநாளைக்கு 18.50 அமெரிக்க டாலர் என்று நிர்ணயித்தது. குழந்தைக்கும் அதே தொகை. நால்வர் கொண்ட குடும்பம் நான்கு இரவுகள் சென்றால் இதுவே 296 அமெரிக்க டாலர். அடுத்தது துறைமுகக் கட்டணமும் வரிகளும். அதற்கடுத்து இணையம், பானங்கள், பஃபேக்கு அப்பாற்பட்ட சிறப்பு உணவகங்கள், புகைப்படங்கள், கப்பல் நிற்கும் ஊரைச் சுற்றிக்காட்டும் கரைச்சுற்றுலா. பானங்களின் விலைமேல் தனியாகச் சேவைக் கட்டணமும் உண்டு. மதுபானத் தொகுப்பை அறையில் ஒருவர் வாங்கினால் அதே அறையிலுள்ள மற்றப் பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்று விதி வைத்திருக்கும் நிறுவனங்களும் உள்ளன. விளம்பரத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று போடுவது, இருவர் பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒருவரின் பங்கு. தனியாகச் செல்கிறவர் ஏறக்குறைய இருவர் கட்டணம் கொடுக்க நேரும். எங்கள் கணக்கில், கடன்பற்று அட்டையில் கடைசியாக ஏறிய தொகை விளம்பரத் தொகையைப் போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அது ஏமாற்று என்று சொல்லமாட்டேன். எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் மொத்தத் தொகையை முதல் பக்கத்திலேயே காட்டுவதற்கு இந்தத் தொழிலுக்கு என்ன தயக்கம் என்று கேட்கத் தோன்றுகிறது.

சூதாட்டத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரின் சூதாட்டக்கூடங்களுக்குள் செல்லக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். கப்பல் அனைத்துலகக் கடற்பரப்பை அடைந்ததும் திறக்கும் சூதாட்டக்கூடத்துக்கு அந்தத் தடுப்புக் கிடையாது. உணவுக்கூடத்துக்குப் போகும் வழியிலேயே அதைக் கடந்து செல்லும்படி கப்பலை அமைத்திருக்கிறார்கள். இப்பழக்கத்திலிருந்து மீள முயலும் ஒருவர் வீட்டில் இருந்தால், இந்த விடுமுறையை அந்தக் குடும்பம் தவிர்ப்பதே நலம்.

இனி, ஊர்களுக்கு வருகிறேன். இந்தப் பயணத்தின் வலுவற்ற பகுதி இதுதான். பினாங்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே கப்பல் அணையும் ஸ்வெட்டன்ஹம் துறை ஜார்ஜ் டவுனின் விளிம்பிலேயே இருப்பதால், இறங்கி நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை, சற்றுத் தள்ளி லிட்டில் இந்தியா, குவீன் தெருவில் 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில் என்று 2008 முதல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமாக விளங்கும் நகரின் மையப்பகுதியைச் சில மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தும் என்பதால் கப்பல் எந்நேரத்துக்குத் துறையை அடைகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் நிற்கும் பயணமாக இருந்தால் கோலாலம்பூர் ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட சாலைப் பயணம். பத்துமலை அதற்கும் அப்பால். போக்குவரத்து நெரிசலையும் சேர்த்துப் பார்த்தால் முருகனைத் தரிசிக்கும் நேரத்தைவிடப் பேருந்தில் அமர்ந்திருக்கும் நேரமே மிகும்.

புக்கெட் எங்களுக்கு ஏமாற்றம். பாத்தோங் கரையில் பெரிய கப்பல்கள் அணைய முடியாது. தொலைவில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரை சேர்ப்பார்கள். கரைக்குப் போனவர்களுக்கு, படகு ஏறுவதற்கான எண் பெற்றுக் காத்திருந்து, ஏறி, இறங்கி முடிப்பதற்குள் காலைப்பொழுது போய்விட்டது. அலை சற்று மிகுதியாக இருந்ததால் சக்கர நாற்காலியைப் படகில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு, ஆனால் அப்படி நேரக்கூடும் என்று பதிவு செய்யும்போது எவரும் எங்களிடம் சொல்லவில்லை. தாயாரும் நானும் கப்பலிலேயே தங்கினோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரை புக்கெட்டின் மேற்குக் கரை இப்படித்தான் இருக்கும். நம் பிள்ளைகளின் நீண்ட ஜூன் விடுமுறை அந்தக் காலத்துக்குள் விழுகிறது. கட்டணமும் அப்போது அதிகமாக இருக்கும்.

வானிலையாலோ துறைமுக நெருக்கடியாலோ ஓர் ஊரைக் கப்பல் தவிர்த்துவிட்டுச் சென்றால், பயணச்சீட்டின் நிபந்தனைகள் பொதுவாக நிறுவனத்தின் பக்கமே நிற்கும். செலுத்திய துறைமுகக் கட்டணம் திரும்ப வரலாம், அதற்குமேல் எதிர்பார்க்க இயலாது. கப்பல் வழியாகப் பதிவு செய்த கரைச்சுற்றுலாவுக்குப் பணம் திரும்பிவிடும். வெளியில் மலிவாகப் பதிவு செய்திருந்தால் அந்தப் பணத்துக்கு நம்பிக்கையில்லை. தாய்லாந்தின் கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதையும் மறக்கக்கூடாது. கைப்பேசி தானாகக் கரை நேரத்துக்கு மாறிவிடும், கப்பலோ அறிவித்த கப்பல் நேரத்தின்படியே புறப்படும். தாமதித்தவருக்காக அது காத்திருக்காது.

உடல்நலம் பற்றியும் எச்சரிக்கை தேவை. 2020 பிப்ரவரியில் யோக்கஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொவிட் தொற்றியதை மறந்திருக்கமாட்டோம். கப்பல்களில் அடிக்கடி பரவுவது வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ கிருமி. வாசலில் வைத்திருக்கும் கைத்தூய்மி அதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கைகழுவுவதே காப்பு. கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் அதிகம், சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புத் திட்டமான மெடிசேவ் அங்கே உதவாது. உல்லாசக் கப்பல் பயணத்தையும் அவசர மீட்பையும் உள்ளடக்கிய காப்புறுதி இல்லாமல் மூத்தோரை அழைத்துச் செல்ல வேண்டாம்.

சுற்றுச்சூழல் அக்கறை உடையவர்களுக்கு இது எளிதான தேர்வன்று. 2020 முதல் கப்பல் எரிபொருளில் கந்தக அளவு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது, கந்தகத்தை நீக்கப் புகையைக் கழுவிய நீரை அப்படியே கடலில் விடுவதையும் சிங்கப்பூர் தன் துறைமுக நீரில் அதே ஆண்டு தடைசெய்தது. ஆயினும் மிதக்கும் விடுதி ஒன்றை இரவும் பகலும் குளிரூட்டிக்கொண்டு நகர்த்துவதற்கு ஆகும் எரிபொருள் மிகப் பெரியது. பினாங்குக்கு விமானத்தில் போய்வருவதைவிட இது மாசு குறைந்தது என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஆவணங்களில் ஒரு கண் வைக்க வேண்டும். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். தமிழகத்திலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துச் செல்வதானால், அவர்களது சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று முதலில் பாருங்கள். கப்பல் நீங்கியதும் அவர்கள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறியவர்களாகவே கருதப்படுவார்கள். திரும்புவதற்குமுன் மூன்று நாள்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். ஹார்பர்ஃபிரண்டிலும் ஒரு கப்பல் நிலையம் இருப்பதால் சீட்டில் உள்ள இடத்தை வாசித்துவிட்டு வாடகைக் காரில் ஏறுங்கள். மரீனா பே நிலையமாக இருந்து, கையில் பெட்டி குறைவாகவும் இருந்தால், மரீனா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

2026 மார்ச் முதல் சிங்கப்பூரைத் தாய்த்துறைமுகமாகக் கொள்வதாக அறிவிக்கப்பட்ட டிஸ்னி அட்வென்ச்சர் கப்பல், எந்த ஊரிலும் நிற்காத மூன்று, நான்கு இரவுப் பயணங்களையே அறிவித்தது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது: விற்பது கப்பலை, ஊரை அன்று. மற்றப் பயணங்களையும் அப்படியே கருதிப் பதிவு செய்தால் ஏமாற்றம் குறையும். எங்களைப் பொறுத்தவரை, அடுத்து செல்வதானால் பள்ளி ஆண்டிறுதி விடுமுறையில், பினாங்குத் துறையில் நேராக அணையும் பயணமாக, கப்பலின் நடுவில் பால்கனி அறையாகப் பார்த்து, எல்லாக் கூடுதல் கட்டணங்களையும் முன்கூட்டியே கூட்டிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்வோம். படகில் கரைசேர வேண்டிய ஊர்கள் உள்ள பயணத்தை, என் தாயார் உடன்வரும்வரை, தேர்ந்தெடுக்கமாட்டோம்.