சிறுநீரக மாடல்: பெயின்ட் அருமை, குழாயில் கோட்டை விட்டுவிட்டார்கள்

பதினோராம் வகுப்பு டியூஷனுக்காக ஆன்லைனில் வாங்கியது, 2,350 ரூபாய். ஒரே பலகையில் மூன்று உருவம்: சிறுநீரகத்தின் வெட்டுமுகம், ஒரு முழு நெஃப்ரான் (சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகு), அப்புறம் அதன் தலையில் இருக்கும் ரத்த நுண்நாள முடிச்சான கிளாமருலஸ் மட்டும் பெரிதாக. உடைசல் இல்லாமல் வந்து சேர்ந்தது, நிறங்களும் பளிச். பெயின்ட் வாடைதான் இரண்டு நாள் போகவில்லை.

குறை எங்கே என்றால், கிளாமருலஸுக்குள் போகும் உட்செல் நுண்தமனியும் வெளியே வரும் வெளிச்செல் நுண்தமனியும் ஒரே பருமன். சந்தேகப்பட்டு வெர்னியர் வைத்தே அளந்தேன், இரண்டும் 6 மி.மீ. இது ஒரு குற்றமா என்று கேட்பீர்கள். நிஜத்தில் வெளியேறும் குழாய் குறுகல், குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டத்துக்கான தடை 16 மடங்காகும் என்பது பிசிக்ஸ், அதனால்தான் நடுவில் மாட்டிக்கொண்ட ரத்தத்தின் அழுத்தம் சுமார் 60 மி.மீ. பாதரசம் வரை நிற்கிறது. அதில் ரத்தப் புரதங்கள் 32ஐ உள்ளே இழுத்துக்கொள்ளும், கிளாமருலஸைச் சுற்றியிருக்கும் பௌமன் கிண்ணத்தில் ஏற்கெனவே இருக்கும் நீர் 18ஐ எதிர்த்துத் தள்ளும். வரவு 60, செலவு 50, கையில் 10. இந்தப் பத்தை வைத்துக்கொண்டுதான் இரண்டு சிறுநீரகமும் நிமிடத்துக்கு 125 மி.லி., நாளுக்கு 180 லிட்டர் வடிகட்டுகின்றன. கல் அடைத்துக்கொண்டால் வடிகட்டல் ஏன் படுத்துவிடுகிறது என்பதும் இதிலேயே தெரியும்: அந்த 18 கொஞ்சம் ஏறினாலே மிச்சம் காலி.

சும்மா ஒரு கணக்குப் போட்டேன். மொத்தம் 20 லட்சம் நெஃப்ரான் என்று வைத்தால் ஒன்றின் பங்கு நிமிடத்துக்கு 60 நானோ லிட்டர் சொச்சம். ஒரு நெஃப்ரான் ஒரே ஒரு சொட்டை வடிகட்டவே 13 மணி நேரம் ஆகும்! அதன் நுண்குழலின் உள்துளை 30 மைக்ரான் என்று கொண்டால் நீர் நொடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் நகரும், சுழல் கிழல் எதுவும் இல்லாமல், எண்ணெய் வழிவது மாதிரி. பசங்களுக்கு அந்தச் சொட்டுக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"180 லிட்டர்ல ஒன்றரை லிட்டர்தானே சார் வெளிய வருது, மிச்சம் எங்க போச்சு?" என்று ஒரு பையன் கேட்டான். இங்கேதான் மாடலுக்கு ஒரு சபாஷ். நுண்குழலைச் சுற்றி ஓடும் ரத்த நுண்நாளங்களை விடாமல் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். கிண்ணத்தை அடுத்து வரும் அண்மைச் சுருள் குழலின் சுவர் சோடியத்தை பம்ப் செய்ய, நீரும் கூடவே போக, சுமார் 65 சதவீதம் அங்கேயே திரும்பிவிடுகிறது. குறுகலான வெளிச்செல் தமனியைத் தாண்டி வந்த ரத்தத்தில் அழுத்தம் வெகுவாகக் குறைந்திருக்கும், புரதம் செறிந்திருக்கும், அதனால் அந்த நீரை எளிதாக வாங்கிக்கொள்ளும். பாருங்கள், மறுபடியும் அதே குறுகல்!

ஹென்லே வளைவு, அதாவது நுண்குழல் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும் U வடிவப் பகுதி, சுமார்தான். இறங்கும் பக்கம் நீரை விடும், ஏறும் பக்கம் நீரை விடாமல் உப்பை மட்டும் வெளியே தள்ளும். எதிரெதிராக ஓடும் இந்த ஏற்பாட்டால்தான் அடியில் கரைபொருள் செறிவு லிட்டருக்கு 300 மில்லி ஆஸ்மோலிலிருந்து 1200 வரை போகிறது. மாடலில் ஒரு அம்புக்குறிகூட இல்லை, மார்க்கரில் நானே போட்டேன். ஏறும் கிளையின் 'தடித்த' பகுதியை உள்துளையே பெரிதாகிற மாதிரி செய்திருக்கிறார்கள். தடிப்பு சுவரில்தான், ஓட்டையில் இல்லை.

விற்றவரிடம் கேட்டதற்கு 'டிசைன் அப்படித்தான்' என்று பதில். சரி என்று உட்செல் தமனி மேல் எம்-சீல் அப்பி 9 மி.மீ. ஆக்கி, சிவப்பு நெயில் பாலிஷ் அடித்துவிட்டேன், ஒட்டு தெரியவே இல்லை. மூன்று ஸ்டார். ஸ்டாண்டு ஆடுகிறது, அட்டை மடித்து வைக்க வேண்டியிருக்கும்.