மூளைக்காயத்துக்குப் பின் பேச்சுப் பயிற்சி: தனியாகவா, துணையோடா?

தலையில் பலத்த அடிபட்டு மீண்டவர்களில் பலருக்குப் பேச்சு திரும்பிவிடுகிறது. பழையபடி உரையாடத்தான் முடிவதில்லை. பக்கவாதத்துக்குப் பின் சொல் கிடைக்காமல் தவிப்பவரின் நிலை வேறு. இவர்கள் முழு வாக்கியங்களாகவே பேசுவார்கள். ஆனால் பேச்சு எங்கோ விலகிப்போகும், சொன்னதையே மறுபடி சொல்வார்கள், கேட்பவர் சலித்துப்போனது முகத்தில் தெரிந்தாலும் கவனிக்கமாட்டார்கள், அல்லது ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். நினைவிலும் கவனத்திலும் ஏற்பட்ட சேதமே இப்படிப் பேச்சில் வெளிப்படுகிறது.

இதற்கான பயிற்சியைக் காயம்பட்டவருக்கு மட்டும் தருவதா, அன்றாடம் அவரோடு பேசும் துணைவரையும் சேர்த்துக்கொள்வதா என்ற கேள்வியை ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பேச்சு சிகிச்சை ஆய்வாளர் லியான் டோகர் குழுவினர் நேரடியாகச் சோதித்து, முடிவுகளை 2013இல் வெளியிட்டார்கள். கடுமையான மூளைக்காயம் அடைந்த 44 பேர் மூன்று பிரிவுகளாக இருந்தனர்: தனிப்பயிற்சி பெற்றவர்கள், துணைவரோடு பெற்றவர்கள், பயிற்சிக்காகக் காத்திருந்தவர்கள். பயிற்சி 10 வாரம் நடந்தது. வாரந்தோறும் இரண்டரை மணி நேரம் குழுவாகவும், ஒரு மணி நேரம் தனியாகவும். யார் எந்தப் பிரிவு என்று அறியாதவர்கள் உரையாடல் பதிவுகளை மதிப்பிட்டபோது, துணைவரோடு பயின்றவர்களே மற்ற இரு பிரிவினரையும்விடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது.

எனக்கு இதில் வியப்பில்லை. சிகிச்சை அறையில் கற்றதை வீடுவரை கொண்டுசேர்க்க வேண்டிய நினைவாற்றலே பழுதுபட்டிருக்கும்போது, அதை இன்னொருவர் சுமந்து வந்தால்தான் வீட்டில் பயன்படும். அதைவிட முக்கியமாக, துணைவரின் பேச்சிலும் மாற வேண்டியவை உண்டு. “நேத்து நம்ம வீட்டுக்கு யார் வந்தாங்க, சொல்லுங்க பார்ப்போம்?” என்று மனைவி கேட்கிறார். பதில் அவருக்குத் தெரியும், கணவருக்கு நினைவில்லை. சில நொடி மௌனத்துக்குப் பின் மனைவியே “அத்தை வந்தாங்கல்ல” என்று முடித்துவிடுகிறார். அன்போடு கேட்டதுதான், ஆனாலும் அது தேர்வுக் கேள்வி. கணவர் தோற்றதோடு பேச்சும் முடிகிறது. “நேத்து அத்தை கொண்டுவந்த முறுக்கு இன்னும் இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா? உங்களுக்குப் பிடிச்சிருந்துதா?” என்று தகவலைத் தந்துவிட்டு, பதில் தெரியாத ஒன்றை மெய்யாகவே கேட்கும்போது பேச்சு தொடர வழி பிறக்கிறது. இந்த வேறுபாட்டைப் பழகுவது துணைவரின் வேலை. காயம்பட்டவரை எத்தனை வாரம் தனியாகப் பயிற்றினாலும் இது கைகூடாது.

தனிப்பயிற்சியை ஒதுக்கிவிடவும் முடியாது. விபத்துக்குப் பின் உறவுகள் விலகிப்போனவருக்கு அதுவே கிடைக்கும் வழி. மீண்டும் வேலைக்குப் போகிறவர், தன்னைப்பற்றி எந்தப் பயிற்சியும் பெறாத அந்நியர்களோடுதான் பேசியாக வேண்டும். வாரம் மூன்றரை மணி நேரம் ஒதுக்குவதும் வேலை, பிள்ளைகள், பராமரிப்பு என எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகத் தாங்கும் துணைவருக்கு எளிதல்ல.

ஆயினும், உடன் வர ஒருவர் இருக்கிறார் என்றால் சேர்ந்தே பயில்வதைத்தான் நான் சொல்வேன். துணையாகச் செல்பவர் நீங்கள் என்றால், சிகிச்சையாளர் உங்களை வெளியே காத்திருக்கச் சொன்னாலும், உள்ளே அமர அனுமதி கேளுங்கள். காயம்பட்டவரின் சம்மதத்தோடு மாலைத் தேநீர் நேரத்துப் பேச்சை ஐந்து நிமிடம் கைபேசியில் பதிந்து, அடுத்த முறை எடுத்துச் செல்லுங்கள்.