சயின்டோமெட்ரிக் ஆய்வேட்டுக்குத் தரவு: ஸ்கோபஸா, வெப் ஆஃப் சயின்ஸா?

நூலக, தகவல் அறிவியலில் பிஎச்.டி.க்குச் சயின்டோமெட்ரிக் (ஆய்வு வெளியீடுகளையும் மேற்கோள்களையும் எண்ணி அளக்கும்) தலைப்பு பதிவானதும் எழும் முதல் கேள்வி, தரவை எங்கிருந்து இறக்குவது என்பது. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டும் ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களையும் மேற்கோள்களையும் தொகுத்துத் தரும் சந்தாத் தரவுத்தளங்கள். ஆண்டுவாரி எண்ணிக்கை, முன்னணி இதழ்கள், நாடுகள் என்ற அட்டவணைகளோடு நிற்கும் ஆய்வுக்கு எதுவும் போதும். ஸ்கோபஸில் இதழ்கள் அதிகம், அதையே எடுக்கலாம். கோ-சைட்டேஷன் வரைபடம் (எந்தெந்தக் கட்டுரைகள் ஒன்றாகச் சேர்த்து மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் காட்டுவது) ஓர் இயலாக வரப்போகிறது என்றால் என் ஓட்டு வெப் ஆஃப் சயின்ஸுக்கு.

மேற்கோள் வரிகளை, அதாவது கட்டுரைகளின் இறுதியில் வரும் மேற்கோள் பட்டியலின் வரிகளை, சுத்தம் செய்யும் வேலைதான் காரணம். மேற்கோள் ஆய்வின் முன்னோடி யூஜின் கார்ஃபீல்டு 1972இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையை வெப் ஆஃப் சயின்ஸ் முதல் ஆசிரியர், ஆண்டு, இதழ்ச் சுருக்கம், தொகுதி 178, பக்கம் 471, டி.ஓ.ஐ. (கட்டுரைக்கான நிலையான அடையாள எண்) என்று பெரும்பாலும் ஒரே அச்சில் தரும். ஸ்கோபஸின் சி.எஸ்.வி. கோப்பில் கட்டுரைத் தலைப்பும் சேர்ந்தே வரும். மேற்கோள் காட்டும் ஒருவர் தலைப்பில் ஓர் எழுத்தை விட்டு, இன்னொருவர் பக்க எண்ணை விட்டால், வரைபடம் போடும் மென்பொருளான வாஸ்வியூவர் அவற்றைத் தனித்தனி ஆவணங்களாக எண்ணும். 10 மேற்கோள்கள் 4, 3, 3 எனச் சிதறி, வரைபடத்தில் இடம்பெறத் தேவையான குறைந்தபட்ச மேற்கோள் வரம்பும் 5 என்றிருந்தால், அந்தக் கட்டுரையே வரைபடத்தில் இராது. சரிசெய்ய, தவறான வடிவம் ஒரு நெடுவரிசையிலும் சரியான வடிவம் அடுத்ததிலும் இருக்கும் திசாரஸ் கோப்பைக் கையால் எழுத வேண்டும். வெப் ஆஃப் சயின்ஸிலும் டி.ஓ.ஐ. இருக்கும் வரி, இல்லாத வரி என்று பிரிவதுண்டு. நூல்களின் பதிப்புகளும் படுத்தும். ஒப்பிட்டால் அது சின்ன வேலை.

இறக்குவதில்தான் வெப் ஆஃப் சயின்ஸ் பொறுமையைச் சோதிக்கும். மேற்கோள்களோடு ஒரு தடவைக்கு 500 பதிவுகள்தான். 6,000 பதிவுகளுக்கு 12 தடவை. எல்லாக் கோப்பும் 'சேவ்டுரெக்ஸ்' என்றே இறங்கும், எண் போட்டு உடனே பெயர் மாற்றிவிடுங்கள். இரண்டு தளங்களிலும் மேற்கோள்களைச் சேர்க்கும் தெரிவை மறந்தால் கோ-சைட்டேஷன் ஓடாது. ஸ்கோபஸ் கோப்பை எக்செலில் திறந்து சேமிக்கவே கூடாது: ஒரு செல்லில் 32,767 எழுத்துகளுக்கு மேல் நிற்காது, நீளமான ரிவியூ கட்டுரையின் மேற்கோள் பட்டியல் சத்தமில்லாமல் அறுபடும்.

ஸ்கோபஸுக்கும் நியாயம் உண்டு. வெப் ஆஃப் சயின்ஸ் மேற்கோள் வரியில் முதல் ஆசிரியர் மட்டுமே வருவார். ஆசிரியர் கோ-சைட்டேஷனில் இரண்டாம், மூன்றாம் பெயர்கள் காணாமல் போகும். இன்ஷியல் போடும் நம் ஊர்ப் பெயர்களைப் பிரித்தறிய ஸ்கோபஸ் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தரும் அடையாள எண்ணும் உதவும். ஆனாலும் 'எஸ். குமார்'களை அந்த எண்ணை மட்டும் நம்பி விட்டுவிடாமல், நிறுவனத்தோடு ஒத்துப்பாருங்கள்.

வெப் ஆஃப் சயின்ஸில் இன்னொரு கண்ணி: அதன் முதன்மைத் தொகுப்பான 'கோர் கலெக்‌ஷன்' என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். எந்த இண்டெக்ஸ்கள் (அதனுள் அடங்கும் தனித்தனிப் பட்டியல்கள்), எந்த ஆண்டு முதல் என்பது சந்தாவைப் பொறுத்தது. அதே தேடல் வரிக்கு வேறிடத்தில் வேறு எண்ணிக்கை வந்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேள்வி வரும். இண்டெக்ஸ் பெயர்கள், ஆண்டு வரம்பு, தேடல் வரி, இறக்கிய தேதி நான்கையும் அன்றே ஆய்வுமுறை இயலில் எழுதிவிடுங்கள்.

சந்தாவே இல்லாதவர்களுக்கு 2022இல் வந்த ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த தரவுத்தளம் இருக்கிறது. இலவசம், வாஸ்வியூவரிலும் ஓடும். வெளித்தேர்வாளர் அதை ஏற்பாரா என்பது ஆளுக்கு ஆள் மாறும். தலைப்பு பதியும் முன்பே நெறியாளரிடம் கேட்டுவிடுவது உத்தமம்.