பாலமா, பஸ்ஸா, ரயிலா: வாவியின் இரண்டு கரையும் எதை முதலில் கேட்க வேண்டும்?

மட்டக்களப்பு வாவியின் தென்பகுதியில் ஊர்த் தலைவர்கள் கூடினால் பேச்சு கடைசியில் நாலு கோரிக்கைகளில் வந்து நிற்கும். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாலம், வெள்ளம் மேலால் பாயும் தாழ்வான வீதிக் கடவையான கிட்டங்கித் தாம்போதியை உயர்த்திப் பாலமாக்குவது, மட்டக்களப்போடு நின்றுவிடுகிற ரயிலைக் கல்முனை, அக்கரைப்பற்று தாண்டிப் பொத்துவில் வரைக்கும் கொண்டுபோவது, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் ஒழுங்காக ஓடுகிற பஸ். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கோயில் நிருவாகம், பள்ளிவாசல் நிருவாகம், மீனவர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று எல்லாரும் வருகிறார்கள், எல்லாரும் நாலையும் கேட்கிறார்கள், நாலும் ஒரே கடிதத்தில் ஏறிப் பிரதேச செயலகத்துக்குப் போகின்றன. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் எதை எடுப்பது என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தான் முடிவு செய்வார், அல்லது ஒன்றையும் எடுக்கமாட்டார். அதனால் வரிசை நம்மிடம் இருக்க வேண்டும். என் வரிசையை முதலே சொல்லிவிடுகிறேன்: பஸ், பிறகு கிட்டங்கி, பிறகு மண்டூர்ப் பாலம், கடைசியில் ரயில்.

ரயிலை முதலில் பார்த்துவிடலாம், கூட்டங்களில் அதற்குத்தான் கைதட்டு அதிகம். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். நூறு வருசம் ஆகப்போகிறது, தண்டவாளம் தெற்கே ஓர் அடிகூட நகரவில்லை. கொழும்பில் இருந்து வரும் உதயதேவி ரயில் மட்டக்களப்பில் வந்து அப்படியே திரும்பிவிடும், கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆட்கள் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் குந்திக்கொண்டுதான் போகிறார்கள். கேட்பது நியாயம்தான். செலவைப் பாருங்கள்: மாத்தறையில் இருந்து பெலியத்த வரை 2019இல் திறந்த புதுப்பாதை 26 கிலோமீற்றர் சொச்சம், அதற்குப் போன காசு சுமார் 278 மில்லியன் டொலர், அதுவும் சீனக் கடன். நமக்குக் கல்முனைக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வேண்டும், பொத்துவில் என்றால் நூறைத் தாண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் நிலம். ரயில் நிலையம் இருப்பது வாவிக்கு மேற்கே, ஊர்கள் நிறைந்திருப்பது வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய மணல் திட்டில். காத்தான்குடியில் தொடங்கி ஏ4 வீதியின் இரண்டு பக்கமும் வீடும் கடையும் மதிலோடு மதில் ஒட்டி நிற்கின்றன, தண்டவாளம் போட வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வளவுக்குள்தான் போட வேண்டும். 2004 சுனாமியில் ஒருமுறை இடம் பெயர்ந்து வந்து குடியேறிய ஆட்களும் அதற்குள் இருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டில் இந்த அளவு காசு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு எந்தக் கூட்டத்திலும் பதில் கிடைப்பதில்லை. கோரிக்கை கடிதத்தில் இருக்கட்டும், கடைசி வரியில்.

மண்டூர்ப் பாலம் அப்படி இல்லை. வடக்கில் இருந்து தெற்காக வாவியைக் கடக்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள்: வலையிறவுப் பாலம், மண்முனைப் பாலம், குருக்கள்மடம் அம்பிளாந்துறைப் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையைத்தான் இங்கே பாதை என்கிறோம்), பட்டிருப்புப் பாலம், குருமண்வெளி மண்டூர்ப் பாதை, அதற்கும் தெற்கே கிட்டங்கி. அம்பிளாந்துறையாருக்குப் பாதை நின்றால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய் மண்முனைப் பாலத்தால் வரலாம். மண்டூராருக்குப் பாதை நின்றால் வெல்லாவெளி, பழுகாமம், பெரியபோரதீவு என்று சுற்றிப் பட்டிருப்புப் பாலத்துக்கு வர வேண்டும், மாரி வெள்ளத்தில் வெல்லாவெளி வீதியே தண்ணிக்குள் போய்விடுகிற நாட்களும் உண்டு.

குருமண்வெளித் துறையில் ஒரு காலை நேரம் நின்றால் இந்தக் கோரிக்கையின் கனம் விளங்கும். மிதவைகளுக்கு மேல் தளம் போட்ட அந்தப் பாதை கரையில் முட்டியதும் முதலில் மோட்டார் சைக்கிள்கள் இறங்கும், பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு பிள்ளைகள், அதற்குப் பின்னால்தான் கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பைக்குள் சுருட்டி வைத்திருக்கும் வயது போனவர்கள். எதிர்ப்பக்கம் போவதற்குப் படுவான்கரைப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கிற ஆசிரியர்கள் குடையோடு காத்து நிற்பார்கள். களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை மண்டூரின் கண்ணுக்கு எட்டும் கரையில்தான் இருக்கிறது, ஆனால் இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் அந்தத் தூரம் வேறு தூரம் ஆகிவிடும். காற்றும் நீரோட்டமும் கூடினால் பாதையை நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். மண்டூர்க் கந்தன் திருவிழாவுக்கு இரண்டு கரையும் சேர்ந்து வரும்போது அதில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதைப் பார்த்தவர்கள் எவரும் பாலம் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

பிறகு ஏன் அதை மூன்றாவதாக வைக்கிறேன்? மண்முனையில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2014 ஏப்ரல் வரை அங்கேயும் பாதைதான். ஜப்பான் உதவியுடன் 210 மீற்றர் பாலம் வந்தது, அதற்கு முதல் வருசம் கல்லடியில் 1924இன் ஒற்றை வழி லேடி மனிங் பாலத்துக்குப் பக்கத்தில் புதுப்பாலம் திறந்திருந்தார்கள். நெல்லும் பாலும் தயிரும் உடனே கிழக்குக் கரையான எழுவான்கரைச் சந்தைக்கு வருகிறது, அம்புலன்ஸ் நேரே போகிறது, இதெல்லாம் பெரிய விசயம், யாரும் மறுக்க முடியாது. ஆனால் பாலம் சுமப்பது வாகனத்தை. வீட்டில் மோட்டார் சைக்கிள் நிற்கிறவருக்கு அடுத்த நாளே வாழ்க்கை மாறும், வாகனம் இல்லாத வீட்டுக்குப் பாலத்தோடு பஸ்ஸும் வந்தால்தான் மாறும். இன்னொன்று, பாலம் கட்டும் காலம். 2021 நவம்பர் 23 கிண்ணியா குறிஞ்சாக்கேணியை நாம் மறக்கக் கூடாது. புதுப்பாலம் கட்டுவதற்காக வழி அடைக்கப்பட்டிருந்த நேரத்தில் ஓடிய இழுவைப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போயின. ஆகவே மண்டூர்ப் பாலத்தைக் கேட்கும் கடிதத்திலேயே கட்டி முடியும் வரை ஓடும் பாதைக்கு உயிர்காப்பு அங்கி, ஏற்றும் ஆட்களுக்கு ஓர் எல்லை, இரவு வெளிச்சம், பொறுப்பான ஓர் அதிகாரி ஆகியவற்றையும் எழுதிக் கேட்க வேண்டும். அந்த நாலும் பாலத்துக்குக் காத்திராமல் இப்பவே கிடைக்கக்கூடியவை.

கிட்டங்கி இதைவிட அவசரம். கல்முனையில் இருந்து நாவிதன்வெளி, சவளக்கடைப் பக்கம் போகும் அந்த வீதி வாவியின் தென்கோடியைத் தாழ்வான தாம்போதியால் கடக்கிறது. மழை பெய்து மேலே குளங்கள் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் வயல் நீரெல்லாம் இந்தப் பக்கம் இறங்குகிறது, கல்லாற்று முகத்துவாரம் வெட்டப்படும் வரை கடலுக்குப் போக வழி இல்லாமல் வீதிக்கு மேலே ஏறி நிற்கிறது, அதோடு தண்ணியில் மிதக்கும் ஆற்றுவாழைச் செடி வந்து அடைத்துவிட்டால் இன்னும் மோசம். பாதை என்றால் காற்றுக் கூடியதும் நிறுத்திவிடுவார்கள், ஏற ஒன்றும் இருக்காது. தாம்போதி அப்படி இல்லை. தண்ணி முழங்கால் அளவுதானே என்று ஆட்கள் இறங்கிவிடுகிறார்கள், உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக் கடக்கிறார்கள், வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்கிறவர் வேறு என்ன செய்வார்? 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடந்த உழவு இயந்திரம் இழுபட்டுப் போய் அரபுக் கல்லூரி மாணவர்கள் இறந்தார்கள். அது வேறு வீதி, ஆனால் ஆபத்து அதே ஆபத்துத்தான். கிட்டங்கி நின்றால் கல்முனைக்கு வரச் சம்மாந்துறைப் பக்கமாகச் சுற்ற வேண்டும், அந்தப் பக்கமும் வெள்ளம் என்றால் அதுவும் இல்லை. மண்டூர் ஆட்களுக்கும் இதே கதிதான், அவர்களுடைய சந்தையும் வைத்தியசாலையும் பாதி கல்முனையில் இருக்கின்றன.

இங்கேதான் நம்முடைய கூட்டங்களின் பெரிய ஓட்டை இருக்கிறது. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிந்த பிறகு வாவியின் தென்முனை ஒரு மாவட்டம், அதற்கு வடக்கே எல்லாம் இன்னொரு மாவட்டம். மண்டூர்ப் பாலத்தை மட்டக்களப்பு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் பேசுகிறார்கள், கிட்டங்கியை அம்பாறையில் பேசுகிறார்கள். இரண்டையும் பாவிப்பது ஒரே சனம், மண்டூரில் இருந்து சொறிக்கல்முனை, நாவிதன்வெளி வழியாகத்தான் கிட்டங்கிக்கு வருகிறோம். போரதீவுப்பற்று, களுவாஞ்சிக்குடி, நாவிதன்வெளி, கல்முனை ஆகிய நாலு பிரதேசத்துத் தலைவர்களும், தமிழர் முஸ்லிம்கள் இரண்டு பக்கமும், ஒரே மேசையில் இருந்து இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் "அது அந்த மாவட்டத்து விசயம்" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பாலத்துக்குக் காசு வரும் வரைக்கும் கிட்டங்கியில் செய்யக்கூடிய சின்ன வேலைகள் இருக்கின்றன: மாரிக்கு முன்னமே ஆற்றுவாழையை அள்ளுவது, வீதியின் ஓரம் தெரிய உயரமான கம்பங்கள் நடுவது, தண்ணி குறித்த அளவைத் தாண்டினால் இரண்டு பக்கமும் மறித்து ஆள் நிறுத்துவது, அந்த நாட்களில் கடக்க இயந்திரப் படகு.

இனிப் பஸ். கூட்டங்களில் இதற்குக் கைதட்டு விழுவதில்லை, பெயர்ப்பலகை நட்டுத் திறப்பு விழா வைக்க இதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் பாலத்தைப் பற்றி நீளமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா சொன்னது எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது: "பாலம் வந்தா நல்லம்தான் மனே. ஆனா அதாலயும் நான் நடந்துதானே வரணும்?" பேசிக்கொண்டிருந்தவரிடம் பதில் இருக்கவில்லை.

படுவான்கரையின் உள் ஊர்களில் பஸ் இல்லை என்பதைவிட, ஆட்களுக்குத் தேவையான நேரத்தில் இல்லை என்பதுதான் பிரச்சினை. கிளினிக்குக்கு விடியப்போய் நம்பர் எடுக்க வேண்டும், பஸ் எட்டு மணிக்கு வந்தால் அது வந்தும் பிரயோசனம் இல்லை. ரியூசன் முடிந்து வரும் பெட்டைகளுக்கு மாலை ஆறு மணிக்குப் பிறகு வாகனம் இல்லை, பொழுது பட்டால் யானைப் பயம், அதனால் ஏ.எல். வகுப்பை இடையில் விடுகிற பிள்ளைகள் உண்டு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வீட்டில் இருந்து போய்வரலாம் என்ற தூரத்தில் இருக்கிற பிள்ளை அறை வாடகைக்கு எடுத்துத் தங்குகிறது. ஓட்டோக் காசு ஒரு கூலிக்காரரின் அரை நாள் சம்பளத்தை விழுங்கிவிடும்.

நட்டம் வரும் பாதையில் எவர் ஓடுவார் என்று கேட்பீர்கள். அதற்கு அரசிடம் ஏற்கெனவே வழி இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை. தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிசு செரிய, ஆட்கள் குறைந்த கிராமப் பாதைகளுக்குக் கெமி செரிய, இரவு நேரத்துக்கு நிசி செரிய என்று மூன்று திட்டங்கள் உண்டு, மூன்றிலும் நட்டத்தை அரசு மானியமாகக் கொடுத்துப் பஸ்ஸை ஓட வைக்கிறது. இலங்கை போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சாலை, அதாவது டிப்போ, முகாமையாளரிடம் ஒரு பயணத்தின் நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதற்குப் பாராளுமன்றம் வரை போகத் தேவையில்லை. தனியார் பஸ் அனுமதி மாகாணப் போக்குவரத்து அதிகார சபையின் கையில். கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்த பிறகு தேர்தலே நடக்காததால் அங்கே நம் குரலுக்கு உறுப்பினர் யாரும் இல்லை, ஆளுநர் செயலகத்துக்குத்தான் எழுத வேண்டும், அது நம்மைப் பலவீனப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனாலும் நாலு கோரிக்கைகளில் இதே வருசத்துக்குள் நடக்கக்கூடியது இது ஒன்றுதான். பாலத்துக்கும் இது உதவும்: பஸ் ஓடி, எந்த நேரத்தில் எத்தனை பேர் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்ற கணக்கு ரிக்கற்றில் பதிவானால் "இங்கே பாலம் போடுமளவுக்குப் போக்குவரத்து இல்லை" என்ற பேச்சுக்கு எழுத்தில் பதில் இருக்கும்.

சேவைகளையே ஊருக்குள் கொண்டுவந்தால் போக்குவரத்துத் தேவை குறையாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். நடமாடும் சேவை நல்லது, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் வேலைகளுக்கு அது போதும். பிரசவத்துக்கும் ஏ.எல். விஞ்ஞான வகுப்புக்கும் போதாது.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இரண்டு காரியம் செய்துகொண்டு போங்கள். ஒன்று, நீங்கள் கேட்கும் வீதி எந்த வகுப்பு என்று பிரதேச செயலகத்தில் கேட்டு அறியுங்கள். ஏ, பி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, சி, டி என்றால் மாகாண வீதித் திணைக்களம், அதற்குக் கீழே என்றால் பிரதேச சபை, தவறான கதவைத் தட்டியே நம் கடிதங்கள் பாதி வீணாகின்றன. இரண்டாவது, பஸ் கோரிக்கையில் "போக்குவரத்து வசதி செய்து தருக" என்று பொதுவாக எழுதாதீர்கள். மண்டூரில் இருந்து காலை ஐந்தரைக்கு ஒன்று, வெல்லாவெளி, பட்டிருப்பு வழியாகக் களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரி வாசல் வரை. பின்னேரம் ஆறரைக்கு ரியூசன் விடும் நேரம் பார்த்துத் திரும்பும் ஒன்று. இன்னொன்று சவளக்கடையில் இருந்து கிட்டங்கி வழியாகக் கல்முனைக்கு. ஏறப்போகிறவர்களின் பெயரும் ஊரும் கிராம சேவகரின் கையொப்பத்தோடு பின்னால் இணைத்து, ஐப்பசி மழை தொடங்குமுன் சாலை முகாமையாளரின் கையிலேயே நேரே கொடுங்கள்.