குளிர்காலத்தில் டெல்லிக்கு ரூம் போடுபவர்கள் படியுங்கள்: எங்களுக்கு ₹13,860 போனது

டிசம்பர், ஜனவரியில் காசிப் பக்கம் போய்விட்டு, கடைசியாக டெல்லியில் தங்கிச் சுற்றிப் பார்த்து ஊர் திரும்பலாம் என்று திட்டம் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ரூம் போடுங்கள். நேற்று ராத்திரி நடந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

அப்பா, அம்மா, மனைவி, நான். காசி, அயோத்தி, பிரயாகை எல்லாம் முடித்து, கடைசியில் டெல்லி. அம்மாவுக்கு ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகனைப் பார்க்க வேண்டும். அப்பாவுக்குச் செங்கோட்டை. ரயிலிலும் சத்திரத்திலும் அலைந்த உடம்பு, கடைசி மூன்று ராத்திரியாவது வயதானவர்கள் சௌகரியமாகப் படுக்கட்டும் என்று, வெந்நீரும் ரூம் ஹீட்டரும் இருக்கிற இடமாகத் தேடினேன். ஹோட்டல் புக் செய்யும் பெரிய ஆப் ஒன்றில் கரோல்பாகில் இரண்டு ரூம் கிடைத்தது. மொத்தம் ₹13,860. முழுப் பணமும் முன்பே கட்டியாகிவிட்டது. 'உறுதி செய்யப்பட்டது' என்று பச்சை நிறத்தில் டிக்கும் வந்தது.

பிரயாகையிலிருந்து வந்த வண்டி சாயங்காலம் புதுடெல்லி சேர வேண்டியது. இந்த மாதங்களில் கங்கைச் சமவெளி முழுக்கப் பனிமூட்டம் எப்படி இறங்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துத் தண்டவாளம்கூடக் கண்ணில் படவில்லை. சிக்னல் தெரியாமல் வண்டியை வேகமாக ஓட்ட முடியாது, அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். கான்பூர் தாண்டும்போதே இருட்டிவிட்டது. நள்ளிரவுக்கு முன்னால் போய்ச் சேர மாட்டோம் என்று தெரிந்ததும் ஹோட்டலுக்கு போன் போட்டேன்.

அந்தப் போனைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எடுத்தவர் அவ்வளவு பதவிசாகப் பேசினார். "பனி சீசன்ல எல்லா வண்டியும் லேட்தான் சார், நீங்க மெதுவா வாங்க. ரிசப்ஷன்ல ராத்திரி முழுக்க ஆள் இருக்கும். மாதாஜி ரூமுக்கு ஹீட்டரைப் போட்டு வைக்கச் சொல்றேன்" என்று இந்தியில் சொன்னார். கேட்டதும் அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அத்தோடு விடாமல் ஆப்பின் சாட்டிலும் எழுதினேன். 'உங்கள் தாமத வருகையை ஹோட்டலுக்குத் தெரிவித்துவிட்டோம், கவலையின்றிப் பயணம் செய்யுங்கள்' என்று பதில் வந்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தட்டித் தட்டி எழுப்பினால், குரங்குக் குல்லா போட்ட ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டே வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். "நோ ஷோ, நீங்கள் வரவில்லை என்று பதிவாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கே கேன்சல் ஆகிவிட்டது. ரூம் இல்லை." போனில் பேசியதைச் சொன்னேன். "அவர் டியூட்டி முடிந்து போய்விட்டார்." அந்த நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

அவர் முதுகுக்குப் பின்னால் சாவிப் பலகை. ஏழெட்டுக் கொக்கியில் சாவி தொங்குகிறது. அதைக் காட்டிக் கேட்டதும் பேச்சை மாற்றினார். ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு ₹4,500, ரொக்கமாகக் கொடுத்தால் இப்போதே தருகிறாராம். நாங்கள் ஏற்கெனவே பணம் கட்டிய அதே ரூம்! அம்மா காசித் தீர்த்தச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. உள்ளே வந்து உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த ஆள். அவருக்கு ஒரு பைசா கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி வேறு ஹோட்டலில் கேட்ட பணத்தைக் கொடுத்துப் படுத்தோம்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. ஆப்பின் கஸ்டமர் கேரில் பாட்டைக் கேட்டுக்கொண்டே காத்திருந்து பேசினால், "ஹோட்டல் நோ ஷோ என்று பதிந்திருக்கிறது, பாலிசிப்படி ரீஃபண்ட் கிடையாது". ஹோட்டலில் கேட்டால், "பணம் வாங்கியது ஆப், அங்கே கேளுங்கள்". மேலதிகாரி பேசுவார் என்றார்கள், யாரும் பேசவில்லை. காலையில் பார்க்கிறேன், என் புகாருக்கு எதிரே 'தீர்வு காணப்பட்டது' என்று இருக்கிறது. கூடவே அடுத்த புக்கிங்கில் கழித்துக்கொள்ள ₹500 கூப்பன். ₹13,860 போனவனுக்கு ₹500 கூப்பன்! புக்கிங் முடிந்த கணக்கில் போனதால் அந்த சாட்டையும் காணோம். கவலையின்றிப் பயணம் செய்யுங்கள் என்று சொன்னதற்கு இப்போது என் கையில் அத்தாட்சி இல்லை, போன் செய்த பதிவு மட்டும்தான் இருக்கிறது.

ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ஏறாமல் டிடிஆர் (டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டவர்களுக்கு ரயில்வே முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறது. ரயில்வேக்கு இருக்கிற நியாயம் இந்த ஆப்புக்கும் ஹோட்டலுக்கும் ஏன் இல்லை? ஊரே பனியில் மாட்டித் தாமதமாக வருகிற மாதத்தில், பன்னிரண்டு மணி அடித்ததும் கேன்சல் செய்து, அதே ரூமை வாசலில் நிற்கிற கிழவர் கிழவியிடம் இரண்டாம் தடவை விற்கப் பார்ப்பது பகல் கொள்ளை.

செய்ய வேண்டியதை விவரமாக எழுத நினைத்தேன், மனசு நிலைகொள்ளவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பனி மாதத்தில் ஹோட்டலில் போய்ப் பணம் கட்டுகிற மாதிரி மட்டும் ரூம் போடுங்கள். வண்டியில் வருகிறவர்கள் புதுடெல்லி ஸ்டேஷன் ரிடையரிங் ரூமையும் (ஸ்டேஷனிலேயே பயணிகள் தங்கும் அறை) பாருங்கள், உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் வேண்டும். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள், நான் வாங்கிவிட்டேன். ஆன்லைன் நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 விதி இருக்கிறது. மசியவில்லை என்றால் நம் சொந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், டெல்லிக்கு அலைய வேண்டாம். நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. ₹13,860-ஐ நான் விடப்போவதில்லை.

இப்போது யாராவது தாமதமாகிற வண்டியில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தால், முதலில் ஆப்போடு பேசிய சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னால்.