குட்டி ஆடுகளின் ரத்தக்கழிச்சலுக்கு சல்ஃபாடிமிடின்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியால் வெள்ளாட்டுக் குட்டிகளுக்கு வரும் கழிச்சலுக்கு சல்ஃபாடிமிடின் பழைய மருந்து, விலையும் குறைவு. இன்றும் நன்றாகவே கேட்கிறது. கேட்காத இடங்களில் கோளாறு கொடுத்த அளவிலும் நேரத்திலும் இருக்கலாம்.

3 வாரம் முதல் 5 மாதம் வரையுள்ள குட்டிகள்தான் அதிகம் மாட்டுகின்றன. புழுக்கை உருண்டையாக விழாமல் களியாகி வாலடியில் அப்பிக் காய்ந்திருக்கும். குட்டி முக்கும், பால்குடி குறையும். ரத்தம் தெரியும்வரை காத்திருந்தால் அதற்குள் குடலின் உட்சுவர் உரிந்துவிடும். மருந்து ஒட்டுண்ணி பெருகுவதைத்தான் தடுக்கும், உரிந்த சுவரை ஆற்றாது. ஆகவே ஒன்று கழிந்தாலே அதே அறையிலுள்ள குட்டிகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. அல்பெண்டசோல் ஊற்றிவிட்டுக் காத்திருப்பது வீண். அது குடற்புழுவுக்கான மருந்து.

வழக்கமான அளவு முதல் நாள் கிலோவுக்கு 140 மி.கி., அடுத்த 3-4 நாள் 70 மி.கி., தினம் ஒரு வேளை. 5 கிராம் போலஸை (பெரிய மாத்திரை) கண்மதிப்பில் உடைத்துக் கொடுப்பதில்தான் தப்பு நடக்கிறது. தூளாக்கி, தண்ணீர் சேர்த்து மொத்தம் 50 மி.லி. ஆக்கினால் 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். 10 கிலோ குட்டிக்கு முதல் நாள் 14 மி.லி., பிறகு 7 மி.லி. எடையைத் தராசில் பாருங்கள். கையால் தூக்கிச் சொல்லும் எடையை நம்ப வேண்டாம். மருந்து சரியாகக் கரையாமல் அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் குட்டிக்கு வெறும் தண்ணீர், கடைசிக் குட்டிக்கு வண்டல். ஊசியில்லாத சிரிஞ்சைக் கடைவாயில் வைத்து மெல்லச் செலுத்துங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்தால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும்.

சில குட்டிகளுக்கு இரண்டாம் நாளே கழிச்சல் கட்டியதுபோல் தெரியலாம். அதைப் பார்த்து நிறுத்தினால் திரும்ப வரும்.

நீர் வற்றிய குட்டிக்குச் சிறுநீரகத்தில் மருந்து படிகமாகிவிடலாம். அதனால் உப்புச் சர்க்கரைக் கரைசலை நாளெல்லாம் பலமுறை கொடுத்து, சிறுநீர் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். கூடவே புரோகெய்ன் பென்சிலின் போட்டால் சல்ஃபாவின் வேலை மங்கும்; வேறு ஊசி ஏதும் போட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சல்ஃபாடிமிடினின் 33.3 சதவீத ஊசி மருந்து காரத்தன்மை கொண்டது, தசையில் போட்டால் வீங்கும். அதை மருத்துவர் ரத்தக்குழாயில் ஏற்றுவதே சரி.

பினாயில் வாசனை நமக்குத்தான் நிம்மதி, காக்சிடியா முட்டையை அது அசைப்பதில்லை. ஈரத் தரையில் முட்டை சில நாளில் தொற்றத் தயாராகிவிடும் என்பதால் புழுக்கையைத் தினமும் கூட்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள சகதியைக் காயவைத்து, காலியான அறையில் கொதிநீர் ஊற்றுங்கள். தீவனத்தைத் தரையில் கொட்டாமல் குட்டி கால் வைக்க முடியாத உயரத்தில் தொட்டியில் வையுங்கள்.

மருந்து கொடுத்த ஆட்டின் பாலையும் இறைச்சியையும் லேபிளில் போட்டிருக்கும் விலக்குக் காலம் முடியும்வரை விற்கக் கூடாது.